அம்மாவுக்கு நன்றி சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வேன். எழுதும்போது பிள்ளைகள் கேட்டது, கடிதம் வீட்டுக்குப் போன பிறகு அம்மாக்கள் வந்து கேட்டது, ஆசிரியர் அறையில் தோழிகள் கேட்டது என்று கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

என் அம்மா தென்காசி மாவட்டம் ஆலங்குளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பீடி சுற்றி என்னையும் தம்பியையும் படிக்க வைத்தவள். இப்போது எழுபது வயது. பதில்களில் அவள் அடிக்கடி வருவாள்.

அம்மாவிடம் "நன்றி" என்று சொன்னால் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது?

அந்தச் சொல்லை நாம் வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டோம். கூட்டம் முடிந்தால் நன்றியுரை. விண்ணப்பத்தின் கடைசி வரியில் நன்றி. தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் போகிற போக்கில் ஒரு "தேங்க்ஸ்மா". ஆனால் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, "நன்றி அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். "என்னாச்சு, உடம்புக்கு முடியலையா?" என்றுதான் கேட்பார். அன்பு குறைவு என்பதால் இல்லை. நன்றி சொன்னால் கொடுக்கல் வாங்கல் முடிந்துபோனது போல நமக்குத் தோன்றிவிடுகிறது.

பழைய தமிழில் நன்றி என்பது வாயால் சொல்லும் சொல் இல்லை. ஒருவர் செய்த நன்மைக்குத்தான் நன்றி என்று பெயர். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். சொல்லுதல் அல்ல, அறிதல். ஒருவர் நமக்கு என்ன செய்தார் என்று தெரிந்து வைத்திருப்பது. பல வருடம் அந்த அதிகாரத்தை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். என் அம்மா எனக்குச் செய்ததில் பாதி எனக்கே தெரியாது என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: சொல்வதற்கு முன்னால் தெரிந்துகொள்ளுங்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் அம்மா ஒன்றும் சொல்வதில்லையே?

"எங்களுக்காக எவ்வளவு கஷ்டப்பட்டே?" என்று கேட்டால் சொல்ல மாட்டார். "எல்லாரும் பட்டதுதான்" என்று முடித்துவிடுவார். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். நான் ஸ்கூலுக்குப் போகும்போது எத்தனை மணிக்கு எழுந்திருப்பே? அப்போ தண்ணி எங்கேயிருந்து எடுத்தோம்? அந்த வருஷம் ஃபீஸுக்கு யாரிடம் கடன் வாங்கினே? இப்படிக் கேட்டால் பதில் வரும். கை வேலையாக இருக்கும்போது கேட்பது இன்னும் நல்லது. கீரை ஆயும்போது, பூண்டு உரிக்கும்போது, துணி மடிக்கும்போது. எதிரெதிரே உட்கார்ந்து கேட்டால் பேட்டி போல ஆகிவிடும்.

எங்கள் வீட்டில் இதைப் பூண்டு உரிக்கும்போதுதான் கேட்டேன். பீடி சுற்றும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் சுளகு. சுளகின் ஒரு பக்கம் தூள், இன்னொரு பக்கம் ஈரம் காயாமல் துணியில் சுற்றிய வெட்டிய இலை. இலையைக் கையில் வாங்கி, தூளை வைத்து, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுப்பதெல்லாம் சில நொடிதான். அம்மா வாசனை என்றாலே எனக்கு அந்த இலையும் புகையிலையும் கலந்த வாசனைதான். தினமும் பார்த்ததுதான். ஆனால் என்ன பார்த்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ராத்திரி நான் முன் அறையில் படிப்பேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுவாள். வெளிச்சம் அங்கேதான் இருக்கிறது, அதனால் உட்காருகிறாள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். அடுப்படியிலும் பல்பு இருந்தது. அங்கே பின்வாசல் காற்றும் வரும். "நீ தனியா இருக்கப் பயப்படுவியேட்டி" என்றாள். அதோடு போகவில்லை. ஃபேன் போட்டால் தூள் பறக்கும், இலை சீக்கிரம் காய்ந்து உடையும். அதனால் பீடி சுற்றும் இடத்தில் யாரும் ஃபேன் போட மாட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஓடியது. அம்மா ஃபேனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முந்தானையைச் சுளகுக்கு மேலே கூடாரம் போல இழுத்து விட்டுக்கொண்டு, அதற்குள் கையை வைத்துச் சுற்றியிருக்கிறாள். எனக்கு வேர்க்கக் கூடாது என்று. அவள் ஏன் அப்படிக் குனிந்து உட்காருகிறாள் என்று அத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பீடிக் கடையில் சுற்றுவதற்கான இலையை எடை போட்டுக் கொடுப்பார்கள். அதில் ஓட்டை இலை அதிகமாக இருந்தால் கணக்குக்குப் பீடி வராது. குறைகிற இலையை நம் காசில் வாங்க வேண்டும். சுற்றிக் கொண்டுபோனதிலும் சரியில்லை என்று சிலதைக் கழித்துப் போடுவார்கள். அந்தக் குறையை ஈடுகட்ட நாங்கள் தூங்கிய பிறகும் சுற்றியிருக்கிறாள்.

சரி, தெரிந்துகொண்டேன். அப்புறம் என்ன வார்த்தையில் சொல்வது?

தெரிந்துகொண்டதையே சொல்லுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

வகுப்பில் முதல் தடவை கடிதம் எழுதச் சொன்னபோது எல்லாப் பிள்ளைகளும் "பத்து மாதம் சுமந்து பெற்ற தாயே" என்று ஆரம்பித்தார்கள். கருணைக்கடல், தியாகச்சுடர் என்று அடுக்கியிருந்தார்கள். பெயரை மறைத்துவிட்டால் எந்தக் கடிதம் யார் அம்மாவுக்கு என்று கண்டுபிடிக்க முடியாது. கடிதங்களைத் திருப்பிக் கொடுத்து, வீட்டில் அம்மாவிடம் மூன்று கேள்வி கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள் என்றேன். மறுநாள் ஒரு பையன் ஒரே வரி எழுதிக்கொண்டு வந்தான்: "மழைக் காலத்தில் என் யூனிஃபார்ம் காயாவிட்டால் நீ காலையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துக் காய வைப்பது எனக்குத் தெரியும் அம்மா." அவன் அம்மா அந்தத் தாளை அரிசி டப்பாவுக்குள் வைத்திருப்பதாகப் பிறகு சொன்னார்.

"நீ அன்னைக்கு இதைச் செஞ்சே, எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தால் போதும். சில வீடுகளில் நன்றியைவிட மன்னிப்பு சுலபமாக வாயில் வரும். "அப்போ உன்னை ரொம்பப் பேசிட்டேன், மன்னிச்சிரும்மா" என்றால் அதற்குள்ளேயே நன்றியும் இருக்கிறது. இளம் பிள்ளைகள் "லவ் யூ மா" என்கிறார்கள். அது நம் வழக்கம் இல்லையே என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. கேட்கிற அம்மாக்களின் முகத்தைப் பார்த்தால் தெரியும், அவர்களுக்கும் பிடித்துத்தான் இருக்கிறது.

அன்னையர் தினத்தில் வாழ்த்துச் சொல்லலாமா? அது வெளிநாட்டுப் பழக்கம் இல்லையா?

தாராளமாகச் சொல்லலாம். இந்தியாவில் மே மாதம் இரண்டாம் ஞாயிறு. அமெரிக்காவிலிருந்து வந்த நாள் என்பது உண்மைதான். ஆனால் அது எப்படித் தொடங்கியது என்று தெரிந்தால் அதன் மேல் மரியாதை வரும்.

மேற்கு வர்ஜீனியாவில் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்று ஒரு தாய் இருந்தார். பெற்ற பிள்ளைகளில் பலரைச் சின்ன வயதிலேயே நோய்க்குப் பறிகொடுத்தவர். ஊர் ஊராகப் பெண்களைச் சேர்த்து, சுத்தமான பால், சுகாதாரம் என்று வேலை செய்தார். 1905 மே 9ஆம் தேதி அவர் இறந்தார். அவருடைய மகள் ஆனா ஜார்விஸ்தான் அம்மாக்களுக்கென்று ஒரு நாள் வேண்டும் என்று விடாமல் நின்றவர். 1908 மே 10ஆம் தேதி கிராஃப்டன் ஊர்த் தேவாலயத்தில் முதல் நிகழ்ச்சி நடந்தது. அம்மாவுக்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் பூக்களை மகள் அனுப்பி வைத்தார். 1914இல் ஜனாதிபதி உட்ரோ வில்சன் அதை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கியது. பூக்கடையும் மிட்டாய்க் கடையும் அந்த நாளை வியாபாரமாக்கியதைப் பார்த்து, அதைக் கொண்டுவந்த ஆனாவே அதை எதிர்த்துப் போராடினார். அச்சடித்த வாழ்த்து அட்டை அவருக்கு ஆகவே ஆகாது. அம்மாவுக்குக் கையால் எழுது என்பார். 1948இல் காசில்லாமல் ஒரு மருத்துவ இல்லத்தில் இறந்துபோனார். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது.

அதனால் வாட்ஸ்அப்பில் வந்த ரோஜாப்பூப் படத்தை அப்படியே அம்மாவுக்குத் தள்ளிவிடாதீர்கள். இரண்டு வரி நீங்களே எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவாக இருந்தால் குரல் பதிவாக அனுப்புங்கள். திரும்பத் திரும்பக் கேட்பார்.

அம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்? எது வாங்கினாலும் "எதுக்கு இந்தச் செலவு" என்கிறாரே?

பட்டுச்சேலை வாங்கிக் கொடுத்தால் அது பீரோவுக்குப் போகும். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஒரு தடவை வெளியே வரும். வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைக் காட்டிப் பெருமைப்படுவதும் ஒரு சந்தோஷம்தான். ஆனால் தினமும் உடம்பில் படுகிற பொருள் வேறு. வயதான அம்மாவுக்கு மெல்லிய பருத்திச் சேலை, மதுரைச் சுங்குடி மாதிரி, இரண்டு எடுங்கள். துவைக்கச் சுலபம், தோளில் பாரமாக இருக்காது.

உங்கள் அம்மாவின் செருப்பு அளவு உங்களுக்குத் தெரியுமா? வகுப்பில் கேட்டால் ஒரு கைகூடத் தூக்குவதில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அம்மா அத்தனை நாளும் என் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு, குதிகால் பின்னால் தொங்க நடந்துகொண்டிருந்தாள். அவளையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், பாதம் பதிகிற மாதிரி ஒன்று வாங்கினேன். கண்ணாடிக்கும் இதே கதைதான். ஊசியில் நூல் கோக்க நம்மைக் கூப்பிடும் அம்மாவுக்கு முதலில் வாங்க வேண்டியது கண்ணாடி.

வெளியூரில் இருக்கிறேன். போனில் "சாப்பிட்டியா" என்று கேட்ட பிறகு என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

"சாப்பிட்டியா" என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் அம்மாக்கள் பலருக்கு "உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கேன்" என்று சொல்ல வாய் வராது, இதுதான் வரும். அதற்கு "ம்" என்று சொல்லி முடித்துவிடாமல் என்ன சாப்பிட்டீர்கள், உப்பு சரியாக இருந்ததா, யார் சமைத்தது என்று சொல்லுங்கள். அப்புறம் அதே கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். தனியாக இருக்கிற அம்மாக்கள் பலர் ராத்திரி ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு "ஆச்சு" என்பார்கள். என்ன ஆச்சு என்று விடாமல் கேட்க வேண்டும்.

நேரமும் முக்கியம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். உங்களுக்கு வேலை முடிந்த நேரம் அம்மாவுக்குத் தூங்குகிற நேரமாக இருக்கலாம். நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஆனால் சொல்ல மாட்டார். ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்குக் கூப்பிடுங்கள். எதையாவது அவரிடம் கேட்டுச் செய்யுங்கள். ரசம் வைக்கும்போது வீடியோவில் கூப்பிட்டு, "இப்போ இறக்கலாமா?" என்று கேட்டால் அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரியே ஆகிவிடுவார்.

அம்மா உடம்பு முடியாததை மறைக்கிறார். என்ன செய்வது?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. நன்றிக்கடன் என்று பேசுகிறோமே, அதில் பாதி இங்கேதான் இருக்கிறது.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டால் "இல்லை"தான். அதனால் வேறு மாதிரி கேளுங்கள். மாடிப்படி ஏறும்போது எங்கே நிற்கிறார்? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார்? உட்கார்ந்தால் எழுந்திருக்க எதைப் பிடிக்கிறார்? நம் ஊர் அம்மாக்கள் வெளியே சொல்லவே சொல்லாத சில தொந்தரவுகள் உண்டு. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவது. கர்ப்பப்பை கீழே இறங்குவது. இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது. மாதவிலக்கு நின்று பல காலம் கழித்துத் திரும்ப இரத்தம் பட்டால் ஒரு சொட்டாக இருந்தாலும் தள்ளிப் போடாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மகனிடம் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். மகளோ மருமகளோதான் பதமாகக் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய் எல்லாம் பார்க்கிறார்கள். காசு கிடையாது. 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கண்புரை அறுவையும் அரசு மருத்துவமனையில் இலவசம். அம்மாவுக்குத் தடையாக இருப்பது பணம் மட்டும் இல்லை. "நான் போயிட்டா வீட்டுல சோறு யாரு ஆக்குவா?" என்பதுதான் பெரிய தடை. அன்றைக்குச் சோறு நீங்கள் ஆக்குங்கள். கூட ஒருவர் போகட்டும்.

எனக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் அம்மாவின் அருமை தெரிந்தது. இத்தனை நாள் தெரியாமல் இருந்தேனே?

பல பேருக்கு அப்படித்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது சும்மா வந்த வழக்கம் இல்லை. பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, "நீ தூங்கு, நான் பார்த்துக்கிறேன்" என்று நடுராத்திரி பிள்ளையை வாங்கிக்கொள்வது என்று எல்லாம் அங்கேதான்.

திருச்சி மலைக்கோட்டையில் சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். இரத்னாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி. வர வேண்டிய தாய் காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையில் நின்றுவிட்டாள். சிவனே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது கோயில் வரலாறு. சுகப்பிரசவம் வேண்டி அங்கே வாழைத்தார் படைப்பார்கள். அந்த நேரத்தில் பெண் தேடுவது அம்மாவைத்தான் என்று தெரிந்து, கடவுள்கூட அம்மா உருவத்தில்தான் வந்திருக்கிறார். இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும்.

தெரியாமல் இருந்ததற்கு வருத்தப்பட்டுக்கொண்டே இருக்காதீர்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் பிறந்தப்போ உனக்கு எப்படி இருந்துச்சும்மா? யார் கூட இருந்தா?" என்று கேளுங்கள். பேச நல்ல நேரம் அதுதான்.

அம்மாவின் சமையலை எழுதி வைக்க நினைக்கிறேன். அளவு கேட்டால் "கண்ணளவுதான்" என்கிறார்.

பக்கத்தில் தராசோடு உட்காருங்கள். எங்கள் பக்கம் உளுந்தஞ்சோறு உண்டு. வயசுக்கு வந்த பெண்ணுக்கு இடுப்புக்குப் பலம் என்று ஆக்கிப் போடுவார்கள். தொலி உளுந்தை வாசம் வர வறுத்து, அரிசியோடு பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய்ப்பூ, உப்பு போட்டு வேக விடுவது. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், மேலே நல்லெண்ணெய். நான் ஆக்கினால் அம்மா ஆக்கியது மாதிரி வரவே வராது. ஒரு நாள் தராசில் கிண்ணத்தை வைத்து, அம்மாவை உளுந்து அள்ளிப் போடச் சொன்னேன். அவள் ஒரு கை 62 கிராம். நான் அள்ளினால் 48. என் கைதான் பெரியது. நான் விரலை மூடி அள்ளுகிறேன், அவள் விரலை விரித்துக் குவித்து அள்ளுகிறாள். அரிசிக்குப் பாதி உளுந்து என்ற கணக்கு என் கையில் எங்கே தப்பியது என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது.

நோட்டில் எழுதும்போது, இதை யார் சொல்லிக் கொடுத்தது என்றும் கேட்டு எழுதுங்கள். என் நோட்டில் அந்தச் சோற்றுக்குக் கீழே ஆச்சி பெயர் இருக்கிறது. இப்போது மாதத்தில் ஒரு நாள் அம்மாவுக்கு நான் அதை ஆக்கிப் போடுகிறேன். "எள்ளு இன்னும் வறுபடணும்" என்பாள். ஆனால் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிடுவாள்.

மகன்கள் எப்படிக் காட்டுவது? எனக்குப் பேச வராது.

பேச வேண்டாம். சாப்பிட்ட தட்டைக் கழுவி வையுங்கள். அம்மா சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். தோசை சுடும்போது கடைசி ஆள் அம்மாதான் என்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஒரு நாள் கரண்டியை வாங்கிக்கொண்டு, அவரை உட்கார வைத்துச் சூடாக இரண்டு தோசை போடுங்கள். பெயருக்கு முன்னால் அப்பா இனிஷியலோடு அம்மா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துக்கொள்கிற பிள்ளைகளும் இப்போது இருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

அம்மாவுக்கு மாதா மாதம் பணம் கொடுப்பது அவரைக் கேவலப்படுத்துவது மாதிரி ஆகாதா?

கொடுக்கிற விதத்தைப் பொறுத்தது. "இந்தா" என்று நீட்டுவதைவிட அவர் கணக்கில் தானாகப் போகிற மாதிரி செய்துவிடுங்கள். கேட்டு வாங்க வைக்காதீர்கள். என்ன செலவு செய்தாய் என்றும் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். உங்கள் அம்மாவுக்கு அது வந்தால் அவர் விருப்பப்படி செலவழிக்கட்டும். பேத்திக்கு வளையல் வாங்குவதோ சீட்டுக் கட்டுவதோ அவர் இஷ்டம். ஏடிஎம் கார்டு அவரிடமே இருக்கட்டும்.

வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுக்க நினைக்கும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்வேன். என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு கவனிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் வழி இருக்கிறது. அன்புள்ள பிள்ளை அந்த வரியைப் பார்த்துக் கோபப்பட மாட்டான்.

எனக்கும் அம்மாவுக்கும் ஒத்தே போகாது. நன்றி சொல்ல மனம் வரவில்லை. நான் கெட்டவளா?

இல்லை. எல்லா வீட்டிலும் அம்மா என்ற சொல் ஒரே மாதிரி இனிப்பதில்லை. அடித்து வளர்த்த அம்மா இருக்கிறார்கள். தம்பிக்கு முட்டையும் அக்காவுக்கு வெறும் சோறும் வைத்த அம்மா இருக்கிறார்கள். அந்த வலி உண்மை. "என்ன இருந்தாலும் அம்மாதானே" என்று மற்றவர்கள் சொல்வதற்காக வாயில் வராததை வரவழைக்க வேண்டாம். உங்களை வளர்த்தது ஆச்சியாகவோ சித்தியாகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருந்தால் அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மனஸ்தாபம் சின்னது, பேச்சு மட்டும் நின்றுபோயிருக்கிறது என்றால் நேரில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பழையதைக் கிளற வேண்டாம். ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டாலே பாதி வழி திறக்கும்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரிடம் சொல்வது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் வயதுத் தோழி. அவளுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நம் வழக்கத்தில் இதற்கு இடம் இருக்கிறது. திதி, அமாவாசை எல்லாம் அதற்குத்தானே. எங்கள் பக்கம் ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் தாமிரபரணிப் படித்துறை நிறைந்துவிடும். இலங்கைத் தமிழர்களிடம் இன்னும் துல்லியமான ஒரு வழக்கம் உண்டு. தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையிலும், தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமியிலும் விரதம் இருப்பார்கள். அப்பாவுக்கு அமாவாசை, அம்மாவுக்குப் பௌர்ணமி. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் அன்றைக்குச் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்பார்கள். முழுநிலவு நாளை அம்மாவுக்கு வைத்த மனதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சடங்கில் நம்பிக்கை இல்லை என்றால், அம்மா வாழ்ந்தபோது யாருக்கு என்ன கொடுத்தார் என்று விசாரித்து அதைத் தொடருங்கள். என் தோழியின் அம்மா வெயில் காலத்தில் வாசலில் மண்பானைத் தண்ணீர் வைப்பாராம். இப்போது அவள் வைக்கிறாள். குடித்துவிட்டுப் போகிறவர்களில் ஒரு பாட்டி, "உங்க அம்மா வெட்டிவேர் போடுவாக" என்றாராம். தோழிக்கு அது தெரியாது. இப்போது வெட்டிவேரும் போடுகிறாள்.

எல்லாம் செய்தேன். அம்மா "போ, உனக்கு வேற வேலை இல்லை" என்று தட்டிவிட்டார். நான் சொன்னது போய்ச் சேர்ந்ததா?

சேர்ந்திருக்கும். அவருக்கும் இது பழக்கமில்லாத விஷயம். ஒரு நன்றியை எப்படி வாங்கிக்கொள்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

என் அம்மாவிடம் நான் சொன்னது போன வருடம், பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது. அதே முன் அறைதான், அதே இடத்தில் இப்போது வேறு ஃபேன். "எம்மா, எனக்கு வேர்க்கக் கூடாதுன்னு நீ ஃபேனுக்கு முதுகு காட்டி உக்காந்து தினமும் ஆயிரம் பீடி சுத்துனேல்லா. நான் பன்னெண்டாவது முடிச்சது அதுலதாம்மா" என்றேன். சொல்லும்போதே தொண்டை அடைத்துவிட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்து முழங்காலில் நீவி விட்டுக்கொண்டே இருந்தாள். "போட்டி, சோலியப் பாரு" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, இருட்டில் அவள் குரல் மட்டும் வந்தது.

"ஆயிரம் இல்லட்டி. உனக்குப் பரீட்சை நடந்த மாசம் ஆயிரத்தி இருநூறு."